அங்கோர் பாதையில் ஓர் ஆரோக்கியசாலை

கோலாலம்பூரில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கம்போடியாவின் சியாம் ரீப் நகரில் இறங்கிவிடலாம். அங்கோர்வாட் கோயிலைக் காண உலகமே அங்கே வருகிறது. 2024 டிசம்பர் பள்ளி விடுமுறையில் எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் நால்வரும் அதற்காகத்தான் போனோம். கோயிலின் அழகைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது, அக்கோயிலுக்குச் செல்லும் சாலையோரத்தில் நிற்கும் ஒரு குழந்தைகள் மருத்துவமனையைப் பற்றி.

விடியற்காலையில் அதன் வாசலைக் கடந்தபோது, இடுப்பில் பிள்ளைகளைச் சுமந்தபடி தாய்மார்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். எங்கள் டுக்டுக் ஓட்டுநரிடம் விசாரித்தேன். "தூரத்து ஊர்க்காரர்கள், நெக் க்ரூ. நேற்றே புறப்பட்டிருப்பார்கள்" என்றார், தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். நெக் க்ரூ என்றால் ஆசிரியை. 'க்ரூ' வேறொன்றுமில்லை, நம்முடைய குருதான்.

மருத்துவமனையின் பெயர் ஏழாம் ஜெயவர்மன். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கோரை ஆண்ட அரசன் அவன். தா புரோம் கோயிலில் உள்ள 1186-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவனது நாட்டில் 102 ஆரோக்கியசாலைகள் இருந்ததைச் சொல்கிறது. அந்த வட்டாரத்து வடமொழிக் கல்வெட்டுகளில் வரும் சொல்லே ஆரோக்கியசாலைதான்.

அத்தகைய நாட்டில், 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சி, ஏறக்குறைய பதினேழு லட்சம் மக்களைப் பட்டினிக்கும் நோய்க்கும் கொலைக்கும் பலி கொடுத்தது. படித்தவர்கள் பகைவர்களாகக் கருதப்பட்டார்கள். ஆசிரியர்களும் மருத்துவர்களும் தங்கள் தொழிலை மறைத்து வாழ வேண்டியிருந்தது. பின்னர் 1991-இல் பாரிஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகி, ஐ.நா. அமைதிப்படை வந்தது. அதில் நம் மலேசிய வீரர்களும் இருந்தார்கள். என்றாலும் துப்பாக்கிச் சத்தம் முற்றிலும் ஓய்வதற்கு 1998 ஆகிவிட்டது.

பியாட் ரிச்னர் என்ற சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர், 1974-இல் தலைநகர் புனோம் பென்னில் உள்ள கந்தா போபா மருத்துவமனையில் பணியாற்றியவர். கெமர் ரூஜ் நுழைந்தபோது அவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. போர் தணிந்ததும் திரும்பி வந்து, பாழடைந்து கிடந்த அம்மருத்துவமனையை 1992-இல் மீண்டும் திறந்தார். சியாம் ரீப் மருத்துவமனை 1999-இல் எழுந்தது. எல்லாவற்றிலும் குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை. பணத்தின் பெரும்பகுதி சுவிட்சர்லாந்துப் பொதுமக்கள் அனுப்பிய நன்கொடை.

ரிச்னருக்குச் செல்லோ வாசிக்கத் தெரியும். வயலினைப் பெரிதாக்கி நிமிர்த்தி வைத்தாற்போன்ற வாத்தியம் அது. சனிக்கிழமை இரவுகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு அதை வாசித்துக் காட்டிவிட்டுக் கையேந்துவார். இளைஞர்கள் இரத்தம் கொடுங்கள், முதியவர்கள் பணம் கொடுங்கள், நடுவயதினர் இரண்டும் கொடுங்கள் என்பது அவருடைய வேடிக்கையான கணக்கு. 2018-இல் அவர் காலமானார். அங்கோர் நுழைவுச் சீட்டின் விலை 2017-இல் உயர்த்தப்பட்டபோது, ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு டாலர் இம்மருத்துவமனைகளுக்கு என்று ஒதுக்கினார்கள்.

ஏழை நாட்டுக்கு இவ்வளவு உயர்ந்த சிகிச்சை ஏன், செலவு தாங்காதே என்று நிபுணர்கள் சிலர் அவரைக் கண்டித்ததுண்டு. எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. தோட்டத்து டிரெசர் தலைவலிக்கும் வயிற்று வலிக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து ஊற்றிக் கொடுத்த காலத்தை என் தாயார் இன்றும் சொல்வார். ஏழைக்கு ஏழை மருந்து போதும் என்பவர்கள், அந்த வரிசையில் ஒருநாள் பிள்ளையோடு நின்று பார்க்கட்டும். எங்களில் இளையவரான ஆசிரியை அன்றே உள்ளே சென்று இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். டிங்கிக் காய்ச்சல் காலத்தில் இரத்தத்துக்கு அங்கே எப்போதும் தேவை.

மறுநாள் எலிகளைப் பார்க்கப் போனோம். சிரிக்காதீர்கள்! ஆப்பிரிக்காவின் பெருச்சாளி வகை அது. பூனை அளவு இருக்கிறது. அப்போப்போ என்னும் பெல்ஜிய அறநிறுவனம் தான்சானியாவில் இவற்றைப் பழக்கி, கண்ணிவெடி கண்டுபிடிக்க இங்கே கொண்டுவருகிறது. உலோகத்தைத் தேடும் கருவி ஆணிக்கும் தகரத்துக்கும் கூடக் கத்தும். ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தாக வேண்டும். எலியோ வெடிமருந்தின் வாசனையை மட்டுமே தேடுகிறது. வாசனை வந்த இடத்தில் மண்ணைப் பிறாண்டும். உடம்பு ஏறக்குறைய ஒரு கிலோதான் என்பதால் மிதித்தாலும் வெடி வெடிப்பதில்லை. மனிதன் கருவியோடு நாள்கணக்கில் தேடும் டென்னிஸ் மைதானம் அளவுள்ள நிலத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. கூலி, ஒரு துண்டு வாழைப்பழம் அல்லது வேர்க்கடலை.

மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனில் வீரப் பதக்கமே கொடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் மோந்து காட்டிவிட்டு, 2021-இல் ஓய்வு பெற்று, மறு ஆண்டு ஜனவரியில் இறந்தது. பின்னர் வந்த ரோனின் 2025-க்குள் 109 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்துச் சாதனை படைத்தது.

கேட்க விளையாட்டாக இருக்கிறது. ஆனால் 1979 முதல் இந்நாட்டில் புதைவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் சுமார் 20,000 பேர் மாண்டிருக்கிறார்கள்; 45,000 பேர் கை, கால், கண் இழந்தும் காயமுற்றும் போனார்கள். கோயில் நடைபாதைகளில், மரக்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வாத்தியம் வாசிப்பவர்கள் அவர்களில் சிலர். பிச்சை கேட்பதில்லை, இசைத்தட்டு விற்கிறார்கள். நாங்கள் இரண்டு வாங்கினோம்.

எல்லா உதவியும் இப்படி நல்லதாக முடிந்ததா என்றால், இல்லை. வெளிநாட்டவர் இரக்கப்பட்டுப் பணம் கொடுக்கக் கொடுக்க, அனாதை இல்லங்களும் பெருகின. 2011-இல் யுனிசெஃப் துணையோடு நடந்த ஆய்வில், அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தது தெரியவந்தது. சோற்றுக்கும் படிப்புக்கும் வழியில்லாமல் பெற்றோரே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளின் முன் அப்பிள்ளைகளை ஆடவும் பாடவும் வைப்பார்களாம். அந்தப் பணம் வீட்டுக்கே போயிருந்தால் பிள்ளை தாய்மடியில் வளர்ந்திருக்குமே! விடுதியில் எங்களிடமும் ஓர் இல்லத்தின் விளம்பரத் தாளை நீட்டினார்கள். நாங்கள் போகவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு நெசவுக் கிராமத்துக்குச் சென்றோம். கியோட்டோவின் கிமோனோ சாயக் கலைஞரான கிகுவோ மோரிமோட்டோ தொடங்கியது அது. போரில் அறுந்துபோன கெமர் பட்டு நெசவை மீட்க ஊர் ஊராக அலைந்து, கலை தெரிந்த மூதாட்டிகள் சிலரைத் தேடிப்பிடித்தார். முசுக்கொட்டை நட்டு, மஞ்சள் பட்டுப்புழு வளர்த்து, மரப்பட்டையிலிருந்து சாயம் எடுக்கிறார்கள். அவரும் 2017-இல் காலமாகிவிட்டார், தறிகள் ஓடுகின்றன. தறிக்குப் பக்கத்திலேயே தூளி கட்டிக் குழந்தையை உறங்க வைத்திருந்தாள் ஒரு பெண். பால்மரக் காட்டில் நாம் பார்த்த தூளியேதான். சால்வையின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆளுக்கொரு கைக்குட்டையோடு திரும்பினோம்.

2025 ஜூலையில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் சண்டை மூண்டது. புத்ராஜெயாவில் பேசிப் போர்நிறுத்தம் செய்தார்கள். டிசம்பரில் மீண்டும் வெடித்தது. எல்லைப்புறத்தில்தான் டுக்டுக் ஓட்டுநருடைய அக்காள் குடும்பம். பல ஆண்டுகள் காத்திருந்து, வெடி அகற்றிக் கொடுத்த நிலத்தில் மரவள்ளி பயிரிட்டிருந்தார்கள். கைப்பேசியில் நலம் விசாரித்தேன். எல்லோரும் ஒரு புத்த விகாரையில் தங்கியிருப்பதாகவும், கிழங்கு பிடுங்கும் பருவம் இது என்றும் பதில் அனுப்பியிருந்தார்.