தரையிலிருந்து சுவருக்கு

கார்த்திகை 24

மார்கழி பிறப்பதற்குள் குளியலறையில் கீசர் மாட்டிவிட வேண்டும். ஸ்ரீரங்கத்துக் குளிருக்கு அறையைச் சூடாக்கத் தேவையில்லை. ஆனால் எழுபத்தெட்டு வயதில், விடிகாலை நாலு மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பும் அம்மாவுக்கு வெந்நீர் வேண்டும். இதுவரை பக்கெட்டில் போடும் 1500 வாட் ராடுதான். ஈரத் தரை, ஈரக் கை, தூக்கக் கலக்கம். ஸ்விட்சை அணைக்காமலே விரலை விட்டுச் சூடு பார்ப்பார். நினைத்தாலே பதறுகிறது.

டொராண்டோவிலிருந்து தம்பி பேசினான். அவன் வீட்டிலும் தரையோரம் நீளமாக ஓடும் ஹீட்டர்களைக் கழற்றிவிட்டு, விசிறி வைத்த சுவர் ஹீட்டர் பதிக்கிறார்களாம். கட்டிலும் திரைச்சீலையும் அதில் உரசாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்ததாம்.

கார்த்திகை 26

தெப்பக்குளம் பக்கம் ஒரு கடையில் 15 லிட்டர் கீசர் வாங்கினேன், 2000 வாட். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் 3000 வாட் இழுக்கும். எங்கள் பழைய வயர் தாங்காது. 15 லிட்டரை 25 டிகிரி ஏற்ற அரை யூனிட்கூட ஆகாது. அதே தண்ணீருக்கு ராடுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். கரண்ட் பில்லுக்காக நான் மாற்றவில்லை.

கார்த்திகை 28

எலக்ட்ரீஷியன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. முதலில் டெஸ்ட் லாம்பை எடுத்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், மினுக்கக்கூட இல்லை.

"மூணு ஓட்டை பிளக் இருக்கு சார், எர்த் எங்கயோ அறுந்துபோச்சு."

இத்தனை வருஷம் அம்மா இந்த பிளக்கை நம்பித்தான் வெந்நீர் போட்டிருக்கிறார். ஹீட்டர் காயிலில் கசிவு வந்தால் கரண்டை மண்ணுக்கு இறக்குவது அந்த ஒரு கம்பிதான். அது இல்லையென்றால் கீசரைச் சுவரில் எவ்வளவு உயரத்தில் மாட்டியும் பயனில்லை. குழாய் வழியாகக் கைக்கு வந்துவிடும்.

கொல்லையில் குழி வெட்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும் ஆர்சிசிபியும் போட்டாயிற்று. சுவரோ பழைய சுண்ணாம்புக் காரை, டிரில் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. தண்ணீரோடு இருபது கிலோவுக்கு மேல் தொங்க வேண்டுமே! காரையைத் தாண்டிச் செங்கல்லுக்குள் நீள ஆங்கர் போல்ட் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மார்கழி 1

அம்மா குளித்துவிட்டுப் போய்விட்டார்.

மாடிக் குடித்தனத்தில் கைக்குழந்தை இருக்கிறது, அவர்களும் ராடுதான். அவர்கள் லைனுக்கும் இந்த எர்த்தை இழுத்து ஒரு ஆர்சிசிபி போடச் சொல்லியிருக்கிறேன். செலவு என்னுடையது. எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார்.