ஆகஸ்ட் பதினைந்தும் எங்கள் லயமும்

ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் நான் பிறந்து வளர்ந்தேன். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், ஆண்டுக்கு மூன்று பெருநாள்கள்: தீபாவளி, மாரியம்மன் திருவிழா, இந்தியச் சுதந்திர தினமான ஆகஸ்ட் 15. தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள். திருவிழாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகஸ்ட் 15க்கு மட்டும் கொடுப்பதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. தாத்தா தன் கைக்காசில் டவுனில் கலர்த்தாள் வாங்கிவந்து, கோதுமை மாவுப் பசை காய்ச்சி, மூவர்ணத்தில் தோரணம் ஒட்டுவார். காந்தி, நேரு, நேதாஜி படங்களைத் துடைத்துப் பொட்டு வைப்பார். வேலைக்கு ஆள் பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கு முன்பே கொடியேற்றி முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கை அவித்த பயறு. பிறகு பெரியவர்கள் கத்தியும் வாளியுமாகப் பால்வெட்டப் போய்விடுவார்கள்.

தாத்தா முசிறிப் பக்கத்து ஊர்க்காரர். கங்காணி அழைத்துவர, மண்டபம் முகாமில் அடைபட்டு, தலைமன்னாரில் இறங்கி, களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்க் காட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மீசை முளைக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்காத ஊரின் சுதந்திரத்தை அவர் ஏன் இத்தனை பக்தியோடு கொண்டாடினார் என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

விளங்கிக்கொள்ளக் கணக்கைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். 1939 ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. லயத்துச் சனத்துக்குத் துரைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கக் கிடைத்த துணை அது. 1946இல் எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே, நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்கென்று எடுத்து, அங்கிருந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்களுக்காகப் பல தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. 1947 தேர்தலில் தாத்தா வாக்களித்தார். ருவான்வெல்லை அப்போது இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவின் தொகுதி. வரிசையில் நின்று வாக்குப் போட்ட கதையைத் தாத்தா சாகும்வரை சொன்னார்.

1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரமடைந்தது. அதே ஆண்டு நவம்பர் 15இல் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத்து மக்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு வாக்கும் போனது. ஒன்பது மாதக் குழந்தையான சுதந்திரம் எங்களைத் தன் வீட்டு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டது. இந்த நாட்டின் பெருநாளில் இடமில்லாத மனிதர் இன்னொரு நாட்டின் பெருநாளைப் பற்றிக்கொண்டார். தாத்தாவின் தோரணத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை. தாத்தாவும் சித்தப்பாவும் இந்தியாவுக்கு மனுப் போட்டார்கள். அப்பா இலங்கைக்குப் போட்டார். ஒரே காம்பராவுக்குள் இரண்டு நாடு. அப்போதிருந்து ஆகஸ்ட் 15 வந்தாலே வீட்டில் வாக்குவாதம்.

1977 ஆகஸ்ட் 15 திங்கட்கிழமை. எனக்குப் பதினோரு வயது. ஜூலை 21 தேர்தல் முடிந்து, ஐக்கிய தேசியக் கட்சி பெருவெற்றியோடு ஆட்சிக்கு வந்திருந்தது. பாராளுமன்றத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியாகியிருந்தது. நாட்டுப்புறத்துக் கடைகளில் பேச்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று அப்பா சொன்னார்.

"அப்பா, இந்த வருசம் கொடி வேணாம். நான் இங்கதான் இருக்கப் போறேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

"நீ இரு. நான் போறவன்தானே. போறவன் கொடிய ஏத்திட்டுப் போறேன்."

கொடி ஏறியது. பயறும் கிடைத்தது. மத்தியானம் பாட்டி யாரிடமும் கேட்காமல் கொடியை இறக்கி, மடித்து, அரிசிப் பெட்டிக்குள் வைத்தாள்.

யாழ்ப்பாணத்தில் பொலிசாருக்கும் சனத்துக்கும் மோதல் என்ற செய்தி எங்களுக்கு வதந்தியாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு இரவில் கூட்டம் மேலே ஏறி வந்தது. நாய்கள் முதலில் குரைத்தன. பிறகு தகரக் கூரைமேல் கல் விழும் சத்தம். அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டாள். நாங்கள் பின்பக்கத்தால் இறப்பர் மரங்களுக்குள் ஓடினோம். மழை பெய்திருந்ததால் இலைச் சருகு சத்தம் போடவில்லை. அதனால்தான் தப்பினோம் என்று அப்பா பிறகு சொன்னார். அட்டை ஏறிய காலோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். கீழே லயம் எரிவது தெரிந்தது. கூட்டத்தில் வந்தவர்களில் சிலர் எங்கள் தோட்டத்துக்குப் பலாக்காய் விற்க வரும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர்கள். காலையில் எங்களைத் தேடி வந்து, தேங்காயும் ரொட்டியும் கொடுத்து, லொறி வரும்வரை காவல் நின்றவரும் அதே கிராமத்துக்காரர்தான். இரண்டையும் நான் பார்த்தேன். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

அரிசிப் பெட்டியோடு கொடியும் எரிந்து போயிருந்தது. எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அப்பா இலங்கைக்கு மனுப் போட்டவர், தாத்தா இந்தியாவுக்குப் போட்டவர் என்று கூட்டம் பார்த்துப் பிரித்து அடிக்கவில்லை. முகாமில் ஒரே பாயில்தான் படுத்தோம். அங்கிருந்து சிலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அடுத்த ஆண்டு தாத்தா, பாட்டி, சித்தப்பா குடும்பம் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் ஏறியது. அதை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஸ்டேசனில் கேட்ட அழுகைக்கு வேறு பேர் பொருந்தாது.

இந்தியாவில் தாயகம் திரும்பியோருக்காகக் கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியாப் பக்கமும் இறப்பர்த் தோட்டங்கள் போட்டிருந்தார்கள். சித்தப்பா சுள்ளியாவில் மீண்டும் கத்தியைப் பிடித்தார். அங்கே ஆகஸ்ட் 15க்கு அதிகாரிகளே கொடியேற்றினார்கள், மிட்டாயும் கொடுத்தார்கள். ஆனால் அக்கம்பக்கத்தார் அவர்களைச் "சிலோன்காரங்க" என்றே அழைத்தார்கள். இங்கே நாங்கள் இந்தியாக்காரர்கள். தாத்தா அங்கே இறந்தார்; கடைசிவரை ருவான்வெல்லை மழையைப் பற்றிப் பேசினாராம்.

1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தன. எனக்கு வாக்கு இருக்கிறது. நுவரெலியாவைப் போல ஒரே இடத்தில் திரண்டில்லாமல் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் சிதறிக் கிடக்கிறோம். அதனால் எங்கள் வாக்கின் குரல் மெலிந்தது, ஆனால் இருக்கிறது. 2016 பெப்ரவரி 4இல், 1949க்குப் பின் முதன்முறையாகத் தேசிய விழாவில் தேசிய கீதம் தமிழில் பாடப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

2023இல் மலையகத்தின் 200 ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எம்மவர் நடந்தார்கள். காடும் காலராவும் தின்ற மூத்தவர்களின் அதே பாதை. எங்களுக்கென்று ஒரு நினைவுநாள் உண்டென்றால் அது அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அதற்காகச் சுதந்திர தினத்தை நான் விடமாட்டேன். அந்நியச் செலாவணியைச் சிரட்டை சிரட்டையாய் வடித்துக் கொடுத்த சனத்துக்கு அந்த நாளில் பங்கு உண்டு.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெப்ரவரி 4 காலையில் கொடியேற்றியபின் பிள்ளைகளிடம் நவம்பர் 15ஐயும் சொல்லுங்கள். ஆட்சியில் இருப்பவர்களிடமும் ஒன்று: உரிமை கொடுத்தீர்கள், இன்னும் லயத்திலேயே இருப்பவர்களுக்கு, அவர்கள் குடியிருக்கும் மண்ணின் உறுதியையும் கொடுங்கள்.