கன்னேவுக்கு அடுத்த நாள்

பண்டைய உலகை வைத்து வரும் எந்தப் பேரரசு வியூக விளையாட்டிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: கன்னேவில் தோற்ற பிறகும் ரோம் ஏன் விழவில்லை என்பது விளையாடும்போது புரிகிறதா?

கி.மு. 216. கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் கன்னேவில் ஒரே நாளில் ரோமின் மாபெரும் படையை அழித்தார். இத்தாலிய நகரமான கப்புவா அவர் பக்கம் போனது. ஆனால் லத்தீன் குடியேற்ற நகரங்கள் அசையவில்லை. தோற்கடித்த இத்தாலிய ஊர்களிடம் ரோம் கப்பம் கேட்டதில்லை, படையாள் கேட்டது. கி.மு. 225இல் ரோமும் கூட்டாளிகளும் திரட்டக்கூடிய ஆட்கள் 7 லட்சத்துக்கும் மேல் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் பொலிபியஸ். ஹன்னிபாலை மெல்ல மெல்லத் தோற்கடித்தது அந்த ஏற்பாடுதான்.

‘இம்பரேட்டர்: ரோம்’ விளையாட்டு 2019இல் வந்தபோது, புள்ளிகளைச் செலவழித்தால் மக்கள் நொடியில் மதம் மாறினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். 2021இன் 2.0 பதிப்பில், எந்த இனத்தை உரிமை கொடுத்துச் சேர்த்துக்கொண்டோமோ அவர்களிடமிருந்தே படை திரண்டது. அபாரமான மாற்றம்! அதே ஆண்டு மேம்பாட்டை நிறுத்தியதில் இன்றும் வருத்தம் எனக்கு.

நான் தேடும் இன்னொன்று, தூரம். பண்டைய அரசர் செலூக்கஸின் ஆட்சி சிரியாவிலிருந்து பாக்ட்ரியா வரை. பாக்ட்ரியாவில் கலகம் வெடித்தால் அரசர் காதுக்குச் செய்தி எட்டவே வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலான விளையாட்டுகளில் அது உடனே திரையில் வந்து நிற்கிறது. செய்தி தாமதமாக வரும் ஒரு விளையாட்டை யாராவது செய்தால் முதல் ஆளாக வாங்குவேன்.