போட்டோ எடுக்கத் தெரிந்தால் போதாது, காக்கவும் தெரிய வேண்டும்



"சேர், நல்ல கெமரா ஒண்டு சொல்லுங்க." இன்பொக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி இது. எடுத்த படங்களை எப்படிக் காப்பது என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

என்னோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவரின் வாப்பா சென்ற வருடம் மௌத்தாகிவிட்டார். கெமராவைக் கண்டாலே எழும்பிப் போகிற மனிதர். அவருடைய படங்களில் பெரும்பகுதி ஒரு பழைய டிஜிட்டல் கெமராவின் கார்டில்தான் இருந்தது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை 'போர்மட்' அழுத்திவிட்டது. அடுத்த நாள் ஸ்டாப் ரூமில் மெல்லிய குரலில் சொன்னார்: "சேர், வாப்பாட போட்டோ எல்லாம் போயிட்டு."

போகவில்லை. பெரும்பாலான கெமராக்களில் போர்மட் செய்தால் அழிவது படமல்ல, படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைதான். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்தது போல. பக்கங்கள் உள்ளேயே கிடக்கும். ஆனால் அதன்மேல் புதுப் படம் எடுத்தால் அந்த இடம் நிரம்பிவிடும், பிறகு மீளாது. ஆகவே முதல் வேலை, கார்டைக் கழற்றி வைப்பது. எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். அதை 'லொக்' பக்கம் தள்ளிவிடுங்கள். மைக்ரோ எஸ்டிக்குப் பூட்டு இல்லை, அதைப் போடும் அடப்டரில் இருக்கும்.

அடுத்து ஒரு கார்ட் ரீடரும் போட்டோரெக் என்ற மென்பொருளும். கிறிஸ்டோப் கிரெனியே என்பவர் உருவாக்கியது, முற்றிலும் இலவசம். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான சில பைட்டுகளோடுதான் தொடங்கும். அந்த அடையாளத்தைத் தேடியே இது படங்களைப் பொறுக்கி எடுக்கும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கியூபோட்டோரெக் என்று மவுஸால் இயக்கும் வடிவமும் கூடவே வருகிறது. மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, கணினியில் சேமியுங்கள். பழைய கோப்புப் பெயர்கள் கிடைக்காது. போனின் உள் நினைவகத்தில் இந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது.

அந்தக் கார்டிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. சில படங்களின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். வாப்பா சிரிக்கும் ஒரேயொரு படமும் அப்படித்தான். முகம் முழுதாக வந்தது, மடியிலிருந்த பேரப்பிள்ளை வரவில்லை. டீச்சர் அதைப் பெரிதாக்கி சட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

இனி, வராமல் காப்பது. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி எளிது: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், 1 பிரதி வேறு இடத்தில். கணினியில் ஒன்று, எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுட்டிலோ தம்பி வீட்டிலோ இன்னொன்று. 'வேறு இடம்' ஏன் என்று கிழக்குக் கரையில் வாழும் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 எத்தனை வீட்டு அல்பங்களைக் கடலோடு கொண்டு போனது! கூகுள் போட்டோஸை மட்டும் நம்பி இருப்பவர்களும் கவனியுங்கள். 2021 ஜூன் முதல் அங்கே வரம்பற்ற இலவச இடம் இல்லை. மெயிலுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம்.

வட்ஸ்அப் குரூப்பில் போட்டாச்சு, அது போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணமாக அனுப்பும்போது வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி போன்ற விபரங்களையும் நீக்கிவிடும். மூலப் படம் வேண்டுமானால் 'டொகியுமென்ட்' ஆக அனுப்புங்கள்.

ஒழுங்குபடுத்த டிஜிகாம் நல்லது. முகங்களை அடையாளங்கண்டு ஆள் ஆளாகப் பிரித்துத் தரும். பெயர் மாற்றவும் நூறு படங்களை ஒரேயடியாகச் சிறிதாக்கவும் விண்டோஸில் இர்பான்வியூ, வீட்டுப் பாவனைக்கு இலவசம். திருத்தங்களுக்கு கிம்ப், ரோ கோப்புகளுக்கு டார்க்டேபிள். இத்தனை இலவசமாக இருக்க, உடைத்த போட்டோஷொப் தேடி வைரஸை வீட்டுக்குள் கூப்பிட வேண்டியதில்லை என்று என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். அடுத்தவர் உழைப்பின் ஹக்கும் அதில் இருக்கிறது.

புதுக் கெமரா வாங்கச் சேர்த்த காசில் கொஞ்சத்தை முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒதுக்குங்கள். வீட்டில் வயதான உம்மா, வாப்பா இருப்பவர்கள் அவர்களின் படங்களை இந்த வார லீவுக்குள் இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் கொமெண்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.