மிருக வைத்தியசாலைக்கு ஒரு சமூக ஊழியர்

சமூக ஊழியம் என்றால் அநாதைகளுக்குச் சோறிடுவதும், குடிகாரர் வீட்டுச் சண்டையைத் தீர்ப்பதும், முதியோருக்கு உதவிப் பணம் வாங்கித் தருவதுமே என்று நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். மாட்டையும் நாயையும் பார்க்கும் வைத்தியரிடத்தில் சமூக ஊழியருக்கு என்ன வேலை என்று கேட்டு நகைப்பாரும் உளர். நகைக்கத்தக்க விஷயம் அன்று என்பதைக் காட்டவே இதனை எழுதலானேன்.

நமக்கு அண்டை மாநிலத்தில் நடந்ததையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1998-ஆம் ஆண்டின் இறுதியில் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலண்டோக் வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சல் பரவிற்று. கொசுவினால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதிப் புகை அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர், பயனில்லை. 1999 மார்ச்சு மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் முதலியோர், அது அதற்குமுன் அறியப்படாத கிருமி என்று கண்டனர். நோயாளி ஒருவரின் ஊராகிய சுங்கை நிப்பாவின் பெயரே அக்கிருமிக்கு வாய்த்தது. 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். நோயை அடக்கும் பொருட்டுப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

இக்கணக்குகள் யாவும் எழுதப்பட்டுள்ளன. ஆனால், தகப்பன் காலந்தொட்டு வளர்த்த மந்தை குழியில் விழுவதைக் கண்டு நின்ற பண்ணைக்காரர் அன்றிரவு எப்படி உறங்கினார்? பிணி தீர்க்கவென்று படித்துவிட்டு, நாள் முழுவதும் கொல்லும் வேலையில் நின்றவர் வீட்டிற்குப் போய் என்ன பேசினார்? இவற்றிற்கெல்லாம் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது. கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். “அது சீனர் பண்ணை, நமக்கென்ன?” என்பார்க்கு ஒன்று சொல்வேன். அப்பண்ணைகளில் கூலிக்கு உழைத்து நோயுற்றவர்களுள் நம்மவரும் இருந்தனர்.

கொள்ளை நோய் இல்லாத நாளிலும் மிருக வைத்தியரின் பாடு இலேசானதன்று. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான மரணங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தற்கொலையால் இறப்பது பொது மக்களைக் காட்டிலும் ஆண் மிருக வைத்தியரிடையே 2.1 மடங்கும், பெண் வைத்தியரிடையே 3.5 மடங்கும் மிகுதி. காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மருந்து இருந்தும் உடையவரிடம் பணமில்லாமையால் பிராணி சாவதைப் பார்க்கவேண்டும். பணம் கேட்டால் கல்நெஞ்சர் என்ற ஏச்சைக் கேட்கவேண்டும். உயிரைச் சாந்தமாக முடிக்கும் ஊசியைத் தம் கையாலேயே போடவேண்டும். உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பிராணியைத் தொடவேண்டும்.

இதற்கென்றே டென்னசி பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஸ்ட்ராண்ட் என்னும் அம்மையார் 2002-இல் மிருக வைத்தியச் சமூக ஊழியம் என்றொரு துறையைத் தொடங்கினார். அத்தகைய ஊழியரின் வேலை யாதெனில்: “இனிப் பிழைக்காது” என்ற சொல்லைக் கேட்டுக் கால் பெயராது நிற்பவரை ஒரு நாற்காலியில் அமர்த்தித் தானும் அருகே அமர்வது. நாய் ஓடிப்போயிற்று என்று பிள்ளையிடம் பொய் சொல்லலாமா என்று கேட்கும் தாய்க்கு, “வேண்டாம் அம்மா, செத்துவிட்டது என்றே சொல்லுங்கள், இல்லையேல் அவன் தினமும் வாசலிற் காத்திருப்பான்” என்று எடுத்துரைப்பது. இல்லாதவரிடம் அவர் மானங் கெடாதபடி எவ்வளவு இயலும் என்று கேட்டறிந்து, செலவு குறைந்த சிகிச்சை உண்டா என்று வைத்தியரோடு பேசுவது. விலா உடைந்து ஒரு நாய் வருமானால், அவ்வீட்டு மனைவியின் விலாவும் பத்திரமாயிராது என்று ஐயுறவும் அவர் அறிவார். மாலையில் கதவடைத்த பிறகு வைத்தியரையும் சிப்பந்திகளையும் இருத்தி, அன்றைய பாரத்தை வாய்விட்டுச் சொல்லவைப்பதும் அவர் கடமையே.

இது வெள்ளைக்காரர் சீமையின் ஆடம்பரம் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. செங் வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலங்களிற் பல இன்று வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. எஞ்சிய லயங்களில் முதியவர்களும் அவர்கள் வளர்க்கும் ஆடுமாடுகளும் நாய்களுமே பெரும்பாலும் ஒருவருக்கொருவர் துணை. எங்கள் தோட்டத்துப் பாட்டியார் ஒருவருக்கு நீரிழிவினால் காற்புண் அழுகிவிட்டது. மலாக்காப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்படி டாக்டர் சொல்லியும் அவர் போகவில்லை. பிடிவாதக் கிழவி என்று லயத்தார் ஏசினரேயன்றிக் காரணம் கேட்டார் ஒருவருமில்லை. மாட்டுக்கு ஊசி போட வந்த மிருக வைத்திய உதவியாளர், ஒரு மலாய் இளைஞர், அவர்தாம் கேட்டார். “நான் போய்ப் படுத்துவிட்டால் இவளுக்கு யார் தம்பி புல் அறுப்பார்?” என்றாராம் பாட்டியார்.

அவ்விளைஞர் ஆபீசுக்கு வந்து என்னிடம் சொன்னார். இரண்டு பையன்கள் முறை வைத்துப் புல் அறுக்க ஒப்புக்கொண்டனர். பாட்டியார் வியாழக்கிழமையே புறப்பட்டார். இரண்டு விரல்கள் போயின, கால் தப்பிற்று. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி வணங்கும் எங்களுக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியது! ஆனால் அவர் பெறும் சம்பளம் ஊசி போடுவதற்கு மட்டுமே. வேறோரிடத்தில் நோய் கண்ட ஆடுகளைக் கொன்று புதைத்துவிட்டு வந்ததிலிருந்து தமக்கு உறக்கம் சரியில்லை என்று, சைக்கிளில் ஏறும்போது அவர் சொன்னார். அவரைக் கேட்பார் யார்?

நம் நாட்டில் சமூக நல இலாகா 1946-இலேயே ஏற்பட்டது. அதன் ஊழியர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் அரசாங்க மிருக வைத்தியசாலையில் இருப்பதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. ஒரு மேசையும், தமிழும் மலாயும் பேசும் நாவும் போதும். நம் வாலிபர் சங்கங்களும், தனித்து வாழும் முதியோர் யார், அவர் வளர்ப்பது என்ன, அவர் படுத்துவிட்டால் அதற்குத் தீனியிடுவார் யார் என்று ஓர் ஏட்டில் எழுதி அவரிடம் கொடுக்கலாம். மனிதருக்கான ஆஸ்பத்திரியிலும், நோயாளியைப் படுக்கையிற் சேர்க்கும் காகிதத்தில் வயது, மதம், விலாசம் எல்லாம் கேட்கின்றனர். வீட்டில் வாயில்லாப் பிராணி ஏதும் காத்திருக்கின்றதா என்று இன்னும் ஒரு வரி கேட்கலாம்.