புதுப்பேட்டையில் ஒன்றரை முழம் இரும்பு!

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, கூவம் வாசனை வரும் திசையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தால் புதுப்பேட்டை வந்துவிடும். யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கடை வாசலில் கார் கதவுகளைப் புத்தகம் மாதிரி அடுக்கி வைத்திருந்தால் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு கடையில் சைலன்ஸர் மட்டும். அடுத்ததில் டேஷ்போர்டு மட்டும். அதற்கடுத்த கடையில் ஸ்டியரிங்குகளை மாலையாகக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

'காலையில் இங்கே காரை நிறுத்தினால் சாயங்காலம் அதன் கண்ணாடியை உங்களுக்கே விற்பார்கள்' என்று சென்னையில் ஒரு ஜோக் உண்டு. அதற்குப் பென்ஷன் வாங்கும் வயசாகிவிட்டது. நான் பார்த்த புதுப்பேட்டை வேறு. 'அந்த சாமான் இப்ப வர்றதில்லை சார்' என்று மற்ற இடங்களில் கைவிரித்த பிறகு, ஒரு லேத்தையும் வெல்டிங் ராடையும் வைத்துக்கொண்டு அதை உண்டாக்கித் தருகிற ஊர்.

நாங்கள் போனது 2023 அக்டோபரில். நாங்கள் என்றால் நான், ஆடிட் ஆபீஸ் நண்பர், அவர் வாங்கிய கிழட்டு ஜீப்.

ஆடிட்டருக்கு எதற்கு ஜீப் என்று கேட்பீர்கள். அவருடைய சொந்த ஊர் தாண்டிக்குடிப் பக்கம். கொடைக்கானலுக்குக் கீழே, காப்பியும் மிளகும் விளைகிற மலை. தார் ரோடு முடிந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். 2022 மழையில் ஒரு ராத்திரி அவர் அப்பாவுக்கு நெஞ்சு வலி. எந்த வண்டியும் ஏறவில்லை. நாற்காலியில் மூங்கிலைக் கட்டி நாலு பேர் தோளில் தூக்கி வந்து, அப்புறம் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி. பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால், மலையை விட்டு இறங்கி சென்னைக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். 'அவர் வரமாட்டார்னா, வண்டி போயாகணும்' என்று நண்பர் ஜீப் தேடினார்.

கிடைத்த ஜீப்பில் ஃபோர் வீல் கம்பி இருந்தது. இழுத்தால் 'கடக்' என்று விழவும் செய்தது. முன் சக்கரங்கள்தான் கண்டுகொள்ளவில்லை. குனிந்து பார்த்தால், முன்பக்க ஜாயின்ட் ஷாஃப்ட்டே இல்லை! ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் டீசல் மிச்சம் என்று அதைக் கழற்றி வைப்பது உண்டாம். வைத்த இடத்தை மறப்பதும் உண்டாம்.

கியர்பாக்ஸிலிருந்து வருகிற சக்தியை ஒரு பெட்டி இரண்டாகப் பிரிக்கிறது. பின் சக்கரங்களுக்கு ஒரு ஷாஃப்ட், முன் சக்கரங்களுக்கு ஒன்று. பழைய ஷாஃப்ட் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பழைய முதலாளி எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் மாற்றியதில் அந்தப் பெட்டி பின்னால் தள்ளிப் போயிருந்தது. ஸ்ப்ரிங்கில் பட்டை சேர்த்து வண்டியை வேறு உயர்த்தியிருந்தார். கடையில் இருந்த எதுவும் எட்டவில்லை.

"ஒரு பைப்பை வெட்டி ரெண்டு பக்கமும் வெல்டிங் அடிச்சா முடிஞ்சுது. இல்லையா பாய்?" என்றார் நண்பர்.

பாய் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"இன்னா சார், ஜன்னல் கிரில்லா அடிக்கிறோம்? உள்ள உக்கார்றது உன் அப்பாரு சார்!"

அதற்கப்புறம் நண்பர் வாயைத் திறக்கவில்லை.

முதலில் அளவு. ஜாக்கி போட்டுத் தூக்கி அளக்கக் கூடாதாம். வண்டி தன் முழு எடையோடு நாலு சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும், பாறையில் ஏறும். அதற்கேற்ப ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும். அதற்காக நடுவே ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பல் வைத்த ஸ்லிப் ஜாயின்ட். நீளம் குறைந்தால் ஒரு பள்ளத்தில் உருவிக்கொண்டு வந்துவிடும். அதிகமானால் சுருங்க இடமில்லாமல் கியர்பாக்ஸையே இடிக்கும். பாய் மூன்று தடவை அளந்து, தரையில் சாக்பீஸால் எழுதினார்: 27 அங்குலம். சரியாக ஒன்றரை முழம்!

பைப் விஷயத்திலும் கறார். நீளவாக்கில் ஒட்டுப் போட்ட தண்ணிக் குழாய் உதவாது. ஒட்டில்லாத சீம்லெஸ் பைப்தான். பழைய ஷாஃப்ட் இரண்டிலிருந்து முனைகளை அறுத்தெடுத்து, லேத்தில் கடைந்து, பைப்புக்குள் இறுக்கமாக அடித்து இறக்கினார்கள். யு.ஜே. கிராஸ் இரண்டும் புதுசு.

பிறகுதான் முக்கியமான கட்டம். கிராஸைப் பிடிக்கிற 'காது'கள் இரண்டு முனையிலும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. ஷாஃப்ட் சாய்வாக இருந்தால் கிராஸ் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். 20 டிகிரி சாய்வில் சுமார் 6 சதவீதம். 30 டிகிரியில் 13 சதவீதத்துக்கு மேலே. காதுகள் நேராக இருந்து, இரண்டு பக்கச் சாய்வும் சமமாக இருந்தால், முதல் கிராஸ் செய்கிற குறும்பை இரண்டாவது கிராஸ் சரிக்கட்டிவிடும். கோணலாக ஒட்டினால் குறும்பு இரட்டிப்பாகும். இந்த ஜாயின்ட்டுக்கு ஹூக் பெயரும் உண்டு. ஸ்ப்ரிங் விதிக்காகப் பள்ளிக்கூடத்தில் நம்மை பெஞ்சு மேல் ஏற்றிய அதே பதினேழாம் நூற்றாண்டு ஹூக்! பாய்க்கு ஹூக்கைத் தெரியாது. இரண்டு காதுகளையும் சமதள மேஜையில் படுக்க வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். முதலில் நாலு இடத்தில் பொட்டு வெல்டிங். லேத்தில் மாட்டிச் சுற்றி, டயல் கேஜ் முள் ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடியது. தட்டினார். மறுபடி சுற்றினார். முள் அடங்கிய பிறகே முழு வெல்டிங்.

அடுத்து பாலன்சிங். மெஷினில் வேகமாகச் சுற்றவிட்டு, எடை குறைந்த பக்கத்தில் சின்ன இரும்புத் துண்டை ஒட்டினார்கள். கடைசியில் ஸ்லிப் ஜாயின்ட்டின் இரண்டு பாதியிலும் உளியால் ஒரு கோடு. "கழட்டி மாட்டறப்ப கோடும் கோடும் சேரணும். ஒரு பல்லு தள்ளிச்சுன்னா நான் பண்ணதெல்லாம் வேஸ்ட்."

பில் 6,800 ரூபாய். நண்பர் பேரம் பேசவில்லை. ஆடிட்டர் பேரம் பேசாமல் பணம் எண்ணுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாய் சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "காஞ்ச தார் ரோட்ல ஃபோர் வீல் போடாத சார். வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது. மண்ணுல வழுக்கிச் சரியாய்டும். தாருல எல்லாம் முறுக்கிக்கும், ஷாஃப்ட்தான் அடி வாங்கும்."

நவம்பரில் மலையேறினோம். தார் ரோடு முடிந்த இடத்தில் நல்ல மழை. கம்பியை இழுத்தார் நண்பர். 'கடக்'. பின் சக்கரங்கள் சேற்றில் ஒரு தடவை பொரித்தன. அப்புறம் முன்பக்கம் யாரோ கயிறு கட்டி இழுப்பது மாதிரி ஜீப் நகர்ந்தது. மூன்று கிலோமீட்டர், இருபது நிமிஷம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நண்பர் மூச்சு விட்டாரா என்று தெரியாது.

பெரியவர் குடையோடு வாசலில் நின்றார். எங்களை 'வாங்க' என்று கூடச் சொல்லவில்லை. குடையை மகனிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சை அடித்து ஜீப்புக்கு அடியில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"முன்னாடி புதுசா ஒண்ணு ஓடுதே... இதுக்கு கிரீஸ் எப்பெப்பப்பா வைக்கணும்?"