இரண்டு விண்ணப்பங்கள்

கதை எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டவனுக்கு ஒரு தொல்லை உண்டு. அக்கம் பக்கத்தில் யாருக்கு எந்தக் கடிதம் எழுத வேண்டியிருந்தாலும் அவன் வீட்டு வாசல் மணிதான் முதலில் அடிக்கும். ஆழ்வார்பேட்டையில் குடியேறிய நாளிலிருந்து பள்ளிக்கூட அட்மிஷனுக்கும், தண்ணீர் லாரிக்கும், தெரு விளக்குக்குமாக எத்தனையோ மகஜர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் எத்தனை பலித்தன என்று மட்டும் வாசகர்கள் கேட்கக் கூடாது.

2023 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்வீட்டிலிருந்து என் தங்கை பெண் மாடி ஏறி வந்தாள்.

"மாமா, எங்க ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதணும். வீட்டிலேருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டு."

விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். அந்த ஏப்ரலில் என் தங்கைக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போயிற்று. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தாள். மாலை ஆறு மணி அடித்தால் பஸ் பிடிக்க ஓடிவிடுவாள். பெண்ணுக்கோ சிறுசேரியில் உத்தியோகம். இங்கிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். அந்த வருஷம் மெட்ரோ ரயிலுக்காக எங்கள் பேட்டையையும் தோண்டியிருந்தார்கள்; ராஜீவ் காந்தி சாலையையும் தோண்டியிருந்தார்கள். போக வர மூன்று மணி நேரம். ஆறு மணிக்கும் அவள் வீடு திரும்பும் எட்டரை மணிக்கும் நடுவில் தங்கைக்குத் துணை நான்தான். எனக்கு வயசு 72. அவளைத் தூக்கி உட்கார வைக்க என் முதுகு சம்மதிப்பதில்லை. ஒரு நாள் இரண்டு பேருமே விழத் தெரிந்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டதே, அன்றிலிருந்து இரண்டு வருஷம் இதே பெண், இதே வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, இதே கம்பெனிக்கு, இதே வேலையைச் செய்தவள். அப்போது யாரும் விண்ணப்பம் கேட்கவில்லை. கம்பெனியே நாற்காலி வாங்கப் பணம் கொடுத்தது. இப்போது வாரம் ஐந்து நாளும் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு.

"கவலைப்படாதே. மேலதிகாரி மனம் உருகும்படி எழுதித் தருகிறேன்" என்றேன்.

எழுதினேன். நான்கு பக்கம். தாய்மையின் பெருமை, படுக்கையில் கிடப்பவளின் ஊமைக் கண்கள், மகளின் கடமை - ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. எனக்கே இரண்டு இடத்தில் கண் கலங்கியது. அவள் நிதானமாகப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தாள்.

"அழுகை வரது, மாமா. ஆனா எங்க மேனேஜர் இதைப் படிச்சா என்ன நினைப்பார்? இந்தப் பொண்ணு அம்மாவைப் பார்த்துக்கப் போறா, வேலையை யார் பார்ப்பான்னுதானே நினைப்பார்?"

சுருக்கென்றது. நான் அவளுக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்டு, வரிக்கு வரி அவளுக்கு எதிராகச் சாட்சி எழுதி வைத்திருந்தேன்.

வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தபோது, நம் ஊரில் நடந்த பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். அவருடைய மனம் எங்கே இருக்கிறது என்பது மேலதிகாரி நாராயணய்யருக்கும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கும் தெரிந்திருந்தது. அவர்களும் இன்னும் சிலரும் முயற்சி செய்ததன் பேரில், 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தது. துறைமுகத்தில் விடுப்பும் கிடைத்தது. இனி மேஜைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை; எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து கணக்குப் போடலாம். ஒரே நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செய்த வேலையைப் பற்றி அறிக்கை அனுப்ப வேண்டும்.

இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "அவர் மேதை, மாமா. நான் வெறும் சாப்ட்வேர்."

"மேதையிடமே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை கேட்டிருக்கிறார்கள். உன்னிடம் வாரத்துக்கு ஒரு தடவை கேட்க மாட்டார்களா? அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே கொடுப்பதாகச் சொல்லிவிடு" என்றேன்.

இரண்டாவது கடிதத்தை அவளே எழுதினாள். நான் காற்புள்ளி போட்டதோடு சரி. தாய்மை ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. பின்னறையில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை இருப்பாள், அந்த நேரம் முழுவதும் தாயாருக்கு யார் துணை, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, வெள்ளிக்கிழமைதோறும் என்ன கணக்குக் காட்டுவாள் - இவ்வளவுதான். ஐந்து நாளும் கேட்காமல் மூன்று நாள் மட்டும் கேட்டாள். அதுவும் மூன்று மாதச் சோதனையாக.

"ஏன் மூன்று நாள்?" என்று கேட்டேன்.

சீனாவில் ஷாங்காய் நகரத்துப் பிரயாண கம்பெனி ஒன்றில் 2010-ஆம் வருஷக் கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம் நடத்திய பரீட்சையைச் சொன்னாள். இஷ்டப்பட்டு முன்வந்த ஊழியர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்களாம். வேலை 13 சதவிகிதம் கூடியது. ஆனால் பரீட்சை முடிந்ததும் அவர்களில் பலர் தனிமை தாங்காமல் ஆபீசுக்கே திரும்பினார்கள். செய்த வேலைக்குத் தகுந்த பதவி உயர்வும் வீட்டில் இருந்தவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது.

"கண்ணிலே படாதவளை மறந்துடுவா, மாமா. எனக்கு அம்மாவும் வேணும், வேலையும் வேணும்."

மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். ஒரே கேள்விதான் கேட்டாராம்: "மீட்டிங் நடக்கும்போது உங்கள் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" இவளும் பூசி மெழுகாமல், "எழுந்து போவேன் சார். சொல்லிவிட்டுப் போவேன். அன்று ராத்திரி அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் படுப்பேன்" என்றாளாம். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் மூன்று மாதத்துக்குச் சரி என்றார். நானாக இருந்தால், "அப்படி ஒன்றும் ஆகாது" என்று பொய் சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். இன்னொரு மேலதிகாரி பாக்கி இருப்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. அதுதான் வீடு.

வீட்டில் இருப்பவள் சும்மா இருப்பவள் என்று நம் எல்லோருக்கும் ஓர் எண்ணம். கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டான். பக்கத்து வீட்டு மாமி, பெண் வீட்டில்தானே இருக்கிறாள் என்று கொத்துமல்லி கேட்டு வந்தாள். எல்லோரிலும் பெரிய குற்றவாளி நான். புதன்கிழமை பதினொரு மணிக்கு, "அம்மா, ஒரு வாய் காபி கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டு பின்னறைக் கதவைத் தள்ளிவிட்டேன். அவள் லாப்டாப்புக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தாள். காட்டன் வேட்டியும் வெற்றுடம்புமாக நான் அவளுடைய மேனேஜருக்குத் தரிசனம் கொடுத்தேன்.

அன்று மாலை கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "பத்து முதல் ஆறு வரை நான் சிறுசேரியில் இருக்கிறேன்." அதுதான் அவளுடைய இரண்டாவது விண்ணப்பம். முதலாவதைவிட அதற்கு அனுமதி கிடைப்பது சிரமமாக இருந்தது.

சில வாரம் கழித்து ஒரு நாள், வாசலில் நின்றுகொண்டு வழக்கம்போல் உரத்த குரலில் ஏதோ கேட்டேன். கட்டிலில் தலையணைமேல் சாய்ந்திருந்த என் தங்கை என்னைப் பார்த்தாள். இடது கையை மெல்லத் தூக்கி, உதட்டில் ஒரு விரலை வைத்தாள். பிறகு அதே விரலால் பின்னறையைக் காட்டினாள்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடி ஏறினேன்.